நாங்கள் கைதட்டிய கந்தீல்கள்

1

நேற்று எட்டாவது வாய்தா. காலை பத்தரைக்கு நீதிமன்ற வராந்தாவில் போய் நின்றேன். ஒன்றே காலுக்கு, நீதிபதி இன்று விடுப்பு என்று சொல்லி அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வராந்தாவின் மறு கோடியில் முருகேசனும் அதே போன்ற சீட்டை வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தின் மேல்புறம் என் பக்கம் தெரியும்படி காலைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதைச் செய்கிறார். அந்தப் பாதத்தில் முக்கோணமாக ஒரு வடு இருக்கிறது. அதைப் போட்டது நான்.

வீடு திரும்பினால் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஏணி போட்டுத் தீபாவளி விளக்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு வருடம் ஆகிவிட்டது என்று உறைத்தது. ஊரிலிருந்து அண்ணன் போன வாரம் போனில் கேட்டான்: “தீவாளிக்கு லைட்டு செய்யப்போயி கோர்ட்டு கேசாயிட்டாமே, அது என்னட்டி கத?” அவனுக்கும், அங்கே அரைகுறையாகக் கேள்விப்பட்டு முழுதாகப் பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பை செம்பூருக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய நாட்குறிப்பை ஒரு நாளும் விட்டதில்லை. ஆகவே கீழே வரும் நேரங்களையும் பேச்சுகளையும் நான் ஞாபகத்திலிருந்து எடுக்கவில்லை. அன்றன்று எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன்.

2

ஊரில் நமக்குத் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலும் வெடியும்தான். இங்கே மராத்தியர் வீடுகளில் அதற்குப் பத்து நாள் முன்பே வாசலில் கந்தீல் தொங்கும். மூங்கில் குச்சிகளை நட்சத்திரமாகவோ அறுகோணமாகவோ கட்டி, மேலே வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே ஒரு பல்பு. கீழே காகிதப் பட்டைகள் வால் வாலாகக் காற்றில் அடித்துக்கொள்ளும். என் மகள் பூரணி மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, “மம்மி, நம்ம வாசல்ல மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டு அழுதாள். நாங்கள் காக்கு என்று கூப்பிடும் எதிர் வீட்டு மராத்திய அம்மாள் எங்களுக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வருடமே அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, காலை பதினொன்றுக்கு நண்பர்கள் வருவார்கள். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் ஜைனம்பு கடையநல்லூர்க்காரர். அவருடைய கணவருக்கு ஞாயிறும் வேலை என்பதால் அவர் மட்டும் வட்டலப்பத்தோடு வருவார். கோவண்டியிலிருந்து ஜெயாவும் அவள் கணவர் முருகேசனும் வருவார்கள். முருகேசன் என் கணவர் அருணாசலத்துக்கு ஊர்க்காரர், துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் வேலை. நான் சொதியும் இஞ்சித் துவையலும் செய்வேன். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஜைனம்பு மூங்கிலைப் பிளப்பார். தோல் வெட்டும் கத்தி அவர் கையில் வெண்ணெயில் போவது போலப் போகும். நான் கசங்கிய காகிதங்களை இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். ஜெயா கட்டுவாள்.

ஜெயாவின் கை தனி. நாங்கள் கட்டிய கந்தீல்கள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வாதம் வந்தவர் வாய் போல இருக்கும். அவளுடையது, ஒட்டிய காகிதத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவைத்தால் தட்டிப் பார்க்கும்போது மேளம் போல ஒலிக்கும்.

விருந்தின் சிரிப்பு முருகேசன். அவர் இல்லாவிட்டால் நாங்கள் நாலு பேரும் பசையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர்தான் ஒரு சடங்கைக் கண்டுபிடித்தார். முதல் கந்தீல் முடிந்ததும் எழுந்து போய், வாசலில் விட்ட செருப்பைக் கலெக்டர் போல மாட்டிக்கொண்டு வருவார்.

“புது வீட்டுக்குப் பூசணிக்கா ஒடைக்கோம்லா, கந்தீலுக்குத் திட்டி கழிக்காண்டாமா? எல்லாரும் கையத் தட்டுங்க பாப்பம்!”

நாங்கள் கைதட்டுவோம். அவர் கந்தீலின் மேல் ஏறி மிதிப்பார். மூங்கில் மளமளவென்று முறியும் சத்தத்துக்குப் பூரணி சின்ன வயதில் குதித்துக் குதித்துச் சிரிப்பாள். ஜெயாவும் சிரிப்பாள். பிறகு செய்தித்தாளில் சிதறிய குச்சிகளைப் பொறுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்குவாள்.

3

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு இருபது. சாப்பாடு முடிந்திருந்தது. முதல் கந்தீல் இன்னும் முடியவில்லை, ஏனென்றால் ஜெயா அந்த முறை பன்னிரண்டு முனை நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். கூடு நின்றுவிட்டது. காகிதம் முக்கால்வாசி ஒட்டியாகிவிட்டது. திறந்திருந்த பக்கம் வழியாக வலது கையை உள்ளே விட்டு, உள்ளங்கை மேல்நோக்கி, கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர் வீட்டுக் காக்கு ஒரு தட்டில் முறுக்கோடு வந்தார். நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது பகுதிக்கு இதே போல் பத்து கட்டித் தருவாயா, கட்டிடக் குழுவில் பேசிப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஜெயாவிடம் இந்தியில் கேட்டார். ஜெயா தலையை ஆட்டி, “ஹாங், தேத்தி ஹூங்” என்றாள். தருகிறேன் என்று. கணவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். நான் பதினாறு வருடமாக அறிந்த ஜெயா, டீயா காப்பியா என்று கேட்டால்கூட முருகேசனைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

காக்கு போய்விட்டார். முருகேசன் எழுந்தார்.

“அண்ணாச்சி, கேட்டியளா? நம்ம வீட்டுல ஒரு மொதலாளியம்மா உண்டாயிட்டா” என்றார் என் கணவரிடம்.

“உண்டானா நல்லதுதானவே, நீரு வேலைய விட்டுட்டு வீட்டுல இரும்” என்று அருணாசலம் சிரித்தார்.

“இருந்துற வேண்டியதுதான். அதுக்கு முந்தி திட்டி கழிச்சிருவோம். இவ்வளவு பெரிய மொதலாளிக்குக் கண்ணு பட்டுரும்லா?”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கைதட்டத் தொடங்கினோம். ஜெயா, “இருங்க, கை உள்ள இருக்கு” என்றாள். அதை நான் கேட்டேன். எல்லோரும் கேட்டோம். கைதட்டல் நிற்கவில்லை.

அவர் மிதித்தார்.

மூங்கில் முறிந்த சத்தம் வழக்கமான சத்தம்தான். அதற்குப் பிறகு ஜெயாவின் வாயிலிருந்து வந்தது நான் அதுவரை எந்த மனிதரிடமும் கேட்டிராத சத்தம். பிளந்த மூங்கில் குச்சி ஒன்று உள்ளங்கையில் புகுந்து, பின்புறம் தோலைக் கூடாரம் போலத் தூக்கி நின்றது. மஞ்சள் காகிதத்தில் ரத்தம், எண்ணெய் ஊறுவது போல ஊறிப் பரவியது. அவர் காலை எடுக்கவில்லை. எடையை அந்தக் காலுக்கு மாற்றினார். முகத்தில் விருந்துச் சிரிப்பு அப்படியே இருந்தது.

“யார கேட்டுட்டி தலைய ஆட்டுன?”

“கால எடுங்க” என்றேன் நான்.

“மயினி, இது எங்களுக்குள்ள உள்ள வெளையாட்டு.”

“கால எடுங்க முருகேசன்.”

“அவ சொல்லட்டும். சொல்லுட்டி, யார கேட்ட?”

கைதட்டக் கீழே வைத்த இஸ்திரிப் பெட்டி மறுபடி என் வலது கையில் இருந்தது. காகிதத்துக்கு அதிகச் சூடு ஆகாது என்பதால் பட்டுத்துணி அளவில்தான் வைத்திருந்தேன். இரண்டடி தூரத்தை முழங்காலால் நகர்ந்து போய், அவருடைய பாதத்தின் மேல் பெட்டியை வைத்தேன். வைத்து அழுத்தினேன். செருப்பின் இரண்டு வாருக்கும் நடுவில் இருந்த தோல் சுருங்குவதும், முடி பொசுங்குவதும் தெரிந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு ஒரு மோது மோதினார். பெட்டியை நான் எடுக்கவில்லை. பிறகு அவர் காலை எடுத்தார்.

என் கணவர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். முருகேசன் ஊரில்கூட யாரும் பெண்கள் முன்னால் சொல்லாத வார்த்தைகளால் எங்கள் எல்லோரையும் திட்டினார். எதிர் வீட்டில் டிவி சத்தம் கூடியது. ஜெயா குச்சியைப் பிடுங்கப் போனாள். ஜைனம்பு அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“உருவாதம்மா! உருவுனா ரத்தம் நிக்காது. பட்டறையில பாத்திருக்கேன், உருவாத!”

தன் துப்பட்டாவைக் கிழித்து, குச்சி அசையாமல் கையோடு சேர்த்துக் கட்டினார். முடித்த பிறகுதான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தார்.

4

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எதிர் வீட்டில் டிவியைக் கூட்டி வைத்தார்கள் என்று படித்ததும், நம்ம ஊராக இருந்தால் தெருவே கூடியிருக்கும் என்று அண்ணன் சொல்வான். கூடியிருக்கும். ஒரு தீபாவளிக் காலையில் சித்தப்பா சித்தியைத் தலையில் எண்ணெய் வழிய முடியைப் பிடித்து முற்றம் வரை இழுத்து வந்தபோது கூடியது. நானும் அண்ணனும் புதுச் சட்டையோடு நின்று பார்த்தோம். வந்த பதினைந்து பேரும் சித்தப்பாவைப் பிடித்து உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். சித்தியிடம், நல்ல நாளும் அதுவுமா அவருக்குக் கோபம் வருகிற மாதிரி ஏன் பேசினாய் என்று கேட்டார்கள். பத்து மணிக்கு எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். சித்திதான் பரிமாறினாள்.

மும்பையில் கதவு சாத்தியிருக்கும், ஊரில் திறந்திருக்கும். இவ்வளவு வருடம் இரண்டிலும் இருந்து பார்த்ததில் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

5

இரண்டு ஆட்டோக்களில் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெயாவும் நானும் ஜைனம்புவும் ஒன்றில். முருகேசனும் என் கணவரும் இன்னொன்றில். பூரணி பின்னால் தன் ஸ்கூட்டரில் வந்தாள். ஜெயாவை உள்ளே கொண்டுபோய்க் குச்சியை வெட்டி எடுத்தார்கள். மோதிர விரலுக்குப் போகும் நரம்பு அறுந்திருந்தது. அந்த விரல் இன்றும் மடங்காது. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டபோது, என் கணவர் முந்திக்கொண்டு, கந்தீல் செய்யும்போது தவறுதலாக என்று சொல்லிவிட்டார். டாக்டர் அதையே எழுதி, போலீசுக்கும் ஒரு தாள் அனுப்பினார்.

மூன்று ஐம்பதுக்கு என் கணவர் என்னைத் தனியாக அழைத்தார். முருகேசன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் வெள்ளைக் களிம்பு.

“மயினி, கோவத்துல முடியப் பிடிச்சிட்டேன், மன்னிச்சிருங்க” என்றார். குரல் மறுபடி விருந்துக் குரலாகிவிட்டது. “அவ கையில தெரியாம குத்திட்டு. எங் கால்ல தெரியாம சுட்டுட்டு. ரெண்டும் தெரியாம நடந்ததுதான். நீங்க அதச் சொல்லாதீங்க, நான் இதச் சொல்லல. சோலி முடிஞ்சுது.”

“உனக்குப் ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம்” என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். “கேஸ் வந்தா ஆபீஸ்ல என்ன சொல்லுவ? யோசி.”

யோசித்தேன். யோசித்துவிட்டுச் சரி என்றேன். இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. மூன்று ஐம்பத்தைந்திலிருந்து நாலு இருபத்தைந்து வரை, அரை மணி நேரம் நான் சம்மதித்திருந்தேன்.

நாலு இருபத்தைந்துக்கு ஜெயாவைக் கட்டோடு வெளியே கொண்டுவந்தார்கள். பேசி முடித்ததை அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பெஞ்சில் இருந்த கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“எக்கா, இன்னைக்கு இது ஒங்க வீட்டுல நடந்துச்சு. எங்க வீட்டுல அவரு கால எடுக்க வைக்க யாரு இருக்கா?”

ஜைனம்பு, கிழிந்த துப்பட்டாவின் மீதியை மடித்துக்கொண்டிருந்தவர், “அந்தாள் கூட இந்தப் புள்ளய அனுப்புனா, நாளைக்கு ஜனாஸா தூக்கத்தான் நாம போவணும்” என்றார்.

நான் பூரணியின் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய், அலமாரியிலிருந்து நாட்குறிப்புகளை எடுத்தேன். கந்தீல் ஞாயிறு ஒவ்வொன்றையும் தேடிப் பக்கத்துக்குப் பக்கம் காகிதம் சொருகினேன். கோவிட் இரண்டு வருடம் யாரும் வரவில்லை. அது போக ஏழு ஞாயிறு. ஏழிலும் என் கையெழுத்தில் கிட்டத்தட்ட ஒரே வரிதான்: “வழக்கம்போல முருகேசன் முதல் கந்தீலை மிதித்துத் திருஷ்டி கழித்தார். ஜெயாவுடையது. ஒரே சிரிப்பு.” ஒருமுறைகூட என்னுடையதோ ஜைனம்புவுடையதோ இல்லை. ஏழு முறை எழுதியிருக்கிறேன். ஏழையும் சேர்த்து ஒருமுறைகூட நான் படித்ததில்லை.

ஐந்தாம் வருடக் குறிப்பில் கூடுதலாக ஒரு வரி: “ஜெயாவுக்குக் கண் ஓரத்தில் கன்றியிருந்தது. லோக்கல் ரயில் கதவில் இடித்துக்கொண்டாளாம்.” அதற்குக் கீழே சொதிக்குத் தேங்காய்ப்பால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.

6

போலீஸ் ஸ்டேஷனில் ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தோம். ஜெயா, ஜைனம்பு, பூரணி, நான். வெளியே யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஜெயா கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். முருகேசனும் என் கணவரும் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

ஹவல்தாருக்கு என் வயது இருக்கும். பண்டிகை நேரம், அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்து மராத்தியில் டைப் செய்து, திரையை எங்கள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போடுங்கள் என்றார். இருபத்தாறு வருடத்தில் நான் மராத்தியில் கற்றது கடைப் பெயரும் பஸ் எண்ணும் படிக்கும் அளவுக்குத்தான். பூரணி குனிந்து படித்தாள்.

“மம்மி, யே தோ கலத் ஹை, தப்பு. தவறிப்போய் குத்திச்சுன்னு எழுதியிருக்காங்க. முருகேசன் அங்கிள் பேரே இல்ல.”

இவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். என் நாட்குறிப்பை மேசையில் திறந்து போட்டுவிட்டு அலுவலகம் போகலாம், இவளால் அரைப் பக்கம் தாண்ட முடியாது. அதைப் பற்றி நான் எழுதாத மாதம் கிடையாது. அன்று, நான் தமிழில் படிக்க, அவள் மராத்தியில் சொல்ல, ஹவல்தார் அடித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து டைப் செய்தார். ஏழு ஞாயிறும் அதில் ஏறின. நாங்கள் கைதட்டியதும் ஏறியது. அந்த இடத்தில் பூரணி நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“இதும் சொல்லணுமா மம்மி? நானும்தானே தட்டினேன்.”

“சொல்லு.”

சொன்னாள். காதுமடல் சிவந்துவிட்டது.

ஜெயாவின் விலாசம் கேட்டார் ஹவல்தார். கோவண்டி என்று நான் வாயெடுத்தேன். ஜெயா இடது கையால் பூரணியின் தோளைத் தொட்டாள். “ஒங்கம்மா வீட்டு விலாசத்தப் போடச் சொல்லு பூரணி. நான் அங்க போவல.”

பிறகு என் முறை வந்தது. முருகேசனுடைய காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சொன்னேன். ஹவல்தார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நல்லவிதமாகவே பேசினார். தாயி, அதாவது அக்கா, கைகலப்பில் இஸ்திரிப் பெட்டி நழுவி விழுந்தது என்று போட்டுவிடலாம், நீங்கள் உத்தியோகம் பார்ப்பவர், உங்கள் மேல் எதற்கு வழக்கு என்றார்.

“விழல, வச்சேன்னு சொல்லு” என்றேன் பூரணியிடம்.

“மம்மி...”

“வச்சு அமுக்குனேன்னு சொல்லு.”

அதை விழுந்தது என்று போட விட்டிருந்தால், நாளை முருகேசன் காலும் தவறிப்போய் வைத்த காலாகிவிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஹவல்தாரிடம் சொல்லவில்லை. பெட்டியை அழுத்தியபோது என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி ஓடியது. யாரையும் அதுவரை நான் அடித்ததில்லை. அவர் கத்தியது எனக்குப் பிடித்திருந்தது. அதை நழுவி விழுந்த பெட்டியின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

ஹவல்தார் பெருமூச்சு விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

“நாலு செகண்டு” என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

பூரணி அதை மொழிபெயர்க்க வாய் திறந்தாள். அதுவரை தலைகுனிந்து தன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஜெயா நிமிர்ந்தாள்.

“நாலு இல்லக்கா, ஆறு” என்றாள். “அவரு காலு எங் கைமேல இருந்துச்சுல்லா. நான் எண்ணிக்கிட்டேதான கெடந்தேன்.”

ஹவல்தார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூரணி சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. ஆறு என்று டைப் செய்தார்.